சனிக்கிழமை ஒன்பது மணிப் பாட்டு

மெழுகுவத்தியை நடுவுல வை. காலை நீட்டாத, மத்தவங்களும் உக்காரணும்ல. பேய்னா ராத்திரி பன்னெண்டு மணிக்குத்தான் வரணும்னு எவன் சொன்னான்? நான் சொல்றது பட்டப்பகல்ல நடந்தது. மத்தியானம் ரெண்டே முக்கால். புறவழிச்சாலை... ரெண்டு பக்கமும் பூட்டிக் கிடக்குற கிடங்குங்க. முன்னால வண்டி இல்ல. பின்னாலயும் இல்ல.

எங்க கம்பெனி எலக்ட்ரீஷியன் இருக்கான்ல, அவனோட சித்தப்பாவுக்கு நடந்தது இது. எலக்ட்ரீஷியனுக்குப் பொய் சொல்ற அளவுக்குச் சாமர்த்தியம் கிடையாது, அதனால நம்பலாம். சித்தப்பா லிஃப்ட் ரிப்பேர் பாக்குறவர். வயசு அம்பத்தி நாலு. வேன்ல தனியா போய்க்கிட்டிருக்கார். ஒரு பழைய கேசட் ஓடுது. அம்மா வீட்டுப் பரண்ல அன்னைக்குக் காலையிலதான் கிடைச்சுது.

எல்லாம் இங்கிலீஷ் பாட்டு. கிடார் காதைக் கிழிக்கும், டிரம்ஸ் நெஞ்சுல வந்து இடிக்கும், ஒரு வார்த்தை புரியாது. புரியாததையே வாய்க்கு வந்தபடி கத்துவோமே... நீங்கல்லாம் கத்தினதில்லையா? சும்மா கதை விடாதீங்க. அவரும் கண்ணாடியை ஏத்திவிட்டுக் கத்துறார். பதினேழு வயசு அப்படியே திரும்பி வந்த சந்தோஷம். கூடவே ஒரு சங்கடம். அது ஏன்னு சொல்றேன், இருங்க.

மூணாவது பாட்டு முடியுது. அடுத்த பாட்டுக்கு நடுவுல ரெண்டே செகண்டு இடைவெளி. அதுல... டக். யாரோ பட்டனை அமுக்குற சத்தம். மூடின வேனுக்குள்ள குப்புனு நெயில்பாலிஷ் வாசனை. அப்புறம் ஒரு பொண்ணு குரல்.

"ஏங்க... கேக்குதா?"

உடனே அடுத்த பாட்டு ஆரம்பிச்சிருச்சு. இவர் வண்டியை ஓரங்கட்டிட்டார். அது அவரோட அக்கா குரல். அவ செத்து முப்பத்தேழு வருஷம் ஆச்சு.

இப்ப அந்தச் சங்கடத்துக்கு வருவோம். அத்தானுக்கு, அதாவது அக்கா புருஷனுக்கு, கப்பல்ல வேலை. வருஷத்துல பாதி நாள் கடல்ல. கடிதம் எழுதி அலுத்துப்போன அக்கா, நகத்துக்குப் பூச்சு போட்டுக்கிட்டே ஒரு கேசட் நிறைய அவர்கிட்ட பேசி வச்சா. கேசட் முதுகுல ரெண்டு மூலையிலயும் சின்னதா பிளாஸ்டிக் தகடு இருக்கும், ஞாபகம் இருக்கா? அதை உடைச்சுட்டா மேல வேற எதுவும் பதிவாகாது. ஹேர்பின்னால நெம்பி ரெண்டையும் உடைச்சா. தம்பி கையில குடுத்து, தபால்ல போட்டுட்டு வாடான்னா.

அன்னைக்கு சனிக்கிழமை. ரேடியோவுல வாரத்துக்கு ஒருதரம், ஒன்பதுல இருந்து பத்து வரைக்கும்தான் அந்தப் பாட்டெல்லாம் போடுவான். பையன்கிட்ட வேற கேசட் இல்ல. உடைஞ்ச ஓட்டையில காகிதத்தை உருட்டி அடைச்சா பழையபடி பதிவாகும், அந்தக் காலத்துப் பசங்க எல்லாருக்கும் தெரிஞ்ச வித்தை அது. பாட்டு போனா வராது, அக்கா வீட்டுலதானே இருக்கா, இன்னொரு தடவை பேசிட்டாப் போச்சு... அடைச்சு, அக்கா பேசினது மேலயே பாட்டைப் பதிஞ்சுட்டான். தபால்ல போட்டாச்சுன்னும் சொல்லிட்டான். நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு ஒரு வாரம் ஓடிருச்சு. ஒன்பதாம் நாள் அக்கா காய்ச்சல்ல போயிட்டா.

அத்தான் கரைக்கு வந்து சேர்ந்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். கேசட் அனுப்பியிருக்கேன்னு எழுதியிருந்தாளே, எங்க? தபால்ல தொலைஞ்சிருக்கும்னு இவர் சொல்லிட்டார். அத்தான் வேற கல்யாணம் பண்ணிக்கல. எப்பப் பாத்தாலும், எங்கயாச்சும் கிடைக்கும்ல தம்பின்னு கேப்பார். இவர் தலையாட்டுவார். அந்தப் பாட்டுங்க எங்க ஒலிச்சாலும் ஆசையா நிப்பார், அடுத்த நிமிஷம் நிக்க முடியாம ஓடிருவார். முப்பத்தேழு வருஷமா இதே பொழப்பு.

சரி, வேனுக்கு வாங்க. திரும்பச் சுத்தி அதே பக்கத்தைப் போட்டார். இந்தத் தடவை முதல் பாட்டுல பாதியைக் காணோம்... அந்த இடத்துல அக்கா பேசுறா. பூச்சு காயறதுக்கு விரலை ஊதிக்கிட்டே பேசுறா. அந்த ஊதல்கூட அவ்வளவு தெளிவாக் கேக்குது. இவர் அழுதுட்டார். அன்னைக்குச் சாயங்காலம் லிஃப்ட் குழிக்குள்ள நின்னு வாட்ச்மேனைக் கூப்பிட்டார், பாதிக் குரல் வரல.

மறுநாள் போட்டார். ரெண்டாவது பாட்டு போச்சு. இவர் தொண்டையும் அந்த அளவுக்குப் போச்சு. டாக்டர் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, தொண்டை கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கேங்கிறார். பெண்டாட்டி அந்தக் கேசட்டை ஆத்துல போடுங்கன்னு கெஞ்சினா. அவருக்கும் கணக்கு புரியாம இல்ல. நிறுத்தியிருக்கலாம்... நிறுத்தல. அக்கா சொன்னது முழுசா அத்தான் காதுக்குப் போகணும், அவ்வளவுதான் அவருக்கு. வெள்ளிக்கிழமை வந்தப்ப ஒரு பக்கம் முழுக்க அக்கா. இவர் வாயில காத்து மட்டும்தான் வருது.

அன்னைக்குச் சாயங்காலமே அத்தான் வீட்டுக்குப் போனார். அத்தான் அந்தக் காலத்து டேப் ரெக்கார்டரைத் துடைச்சு, துணி போட்டு மூடி வச்சிருந்தார், கேசட் வந்தாப் போட்டுக் கேக்கணும்ல. இவர் சீட்டுல ரெண்டு வரி எழுதிக் குடுத்தார். நான்தான் அழிச்சேன்னு ஒரு வரி. திரும்ப வந்த பக்கத்துக்கு என் குரல் போச்சுன்னு இன்னொரு வரி. அத்தான் ரெண்டு தடவை படிச்சார். மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டார். கேசட்டுக்குக் கை நீட்டினார்.

கேசட் ஓடுச்சு. ரூம் முழுக்க நெயில்பாலிஷ் வாசனை. வீட்டு விஷயம், பக்கத்து வீட்டு விஷயம், தூக்கம் வரலங்கிற விஷயம்... கடைசியில அக்கா சிரிக்கிறா. "இதைத் தம்பிகிட்டதாங்க குடுத்து விடப்போறேன். பாட்டுக் கிறுக்கன். ஆனா சொன்ன வேலையைச் செஞ்சிருவான்." டக்.

அப்புறம் அத்தான் மெதுவா, கோபமே இல்லாம கேட்டார்.

"மறுபக்கம் இருக்குல்ல தம்பி... போடு."

அவர் சீட்டைப் படிச்சிருக்கார். தெரிஞ்சுதான் கேக்குறார்.

இவர் திருப்பிப் போட்டார். முதல் தடவை பாட்டுதான், நடுவுல ஒரே ஒரு மூச்சு. முடிஞ்சதும் இவர் காதுல ஃபேன் சத்தத்தைக் காணோம். ஃபேன் சுத்திக்கிட்டுதான் இருக்கு. அத்தானே சுத்தி மறுபடி போட்டார். தெருவுல ஹாரன் சத்தம் போச்சு. மறுபடி... மறுபடி... கேசட்ல இருந்து கிளம்பின பாட்டெல்லாம் இவர் மண்டைக்குள்ள வந்து உக்காருது. கிடார், டிரம்ஸ், நடுவுல அறிவிப்பாளர். அஞ்சாவது தடவை அத்தான் தோள் குலுங்கச் சிரிக்கிறார், அழறார், டேப் ரெக்கார்டரைத் தடவுறார். அக்கா என்ன சொன்னான்னு இவருக்குக் கேக்கல. ஒரு வார்த்தைகூடக் கேக்கல.

அத்தானா? அவருக்கென்ன, நல்லா இருக்கார். தினம் சாயங்காலம் கேசட் கேக்குறாராம். ஒருநாள்கூட இவரைப் பாக்க வரல.

போன மாசம் எலக்ட்ரீஷியன் என்னைக் கூட்டிட்டுப் போனான். சித்தப்பா நாற்காலியில சுவரைப் பாத்து உக்காந்திருக்கார். கிட்ட குனிஞ்சா அவர் காதுல இருந்து பாட்டு வருது, பஸ்ல பக்கத்து சீட்டுக்காரன் ஹெட்போன்ல இருந்து கசியுமே, அந்த மாதிரி. ஒரு மணி நேரம் ஆனதும் மறுபடி முதல்ல இருந்து. நான் அவர் காலைப் பாத்தேன். வலது குதிகால் தாளம் போட்டுக்கிட்டே இருக்கு. ராத்திரி தூங்குறப்பவும் நிக்கிறதில்லையாம்... தோல் தேஞ்சு, சதை தேஞ்சு, கட்டு போட்டிருக்காங்க. தரையில அந்த இடம் மட்டும் செவப்பா ஈரமா இருந்துச்சு. டொக்... டொக்... அவர் பெண்டாட்டி துணியை எடுத்துட்டு வந்து துடைச்சுட்டுப் போனா.