உருண்டையைத் தூக்கிட்டுப் போக வந்தவ

இல்லம்மா, எந்திரிக்கலையேன்னு தப்பா எடுத்துக்காதே. முட்டி. உக்காந்தா உக்காந்ததுதான். நீயே அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கோ. சோபா வேண்டாம், பூரா நாய்முடி. கூடையைக் கீழ வை. என்ன அவசரம், அது எங்கேயும் ஓடிடாது.

ஆமா, உருண்டைதான் பேரு. என் தம்பி மக வெச்சது. வந்த அன்னிக்குக் கம்பளி நூலைச் சுத்தி உள்ளங்கையில வெச்ச மாதிரி இருந்துச்சு. இப்ப பாரு, காலும் காதும் மட்டும் தனியா வளர்ந்துடுச்சு. நடுவுல உடம்பு வைக்க மறந்துட்ட மாதிரி.

போன்ல யாரு பேசினா உங்கிட்ட? தம்பியா, அவன் பொண்டாட்டியா? அவதானே. நினைச்சேன். டீச்சர். வீட்டுலயும் டீச்சர்தான். சாதுவான குட்டின்னு சொல்லியிருப்பாளே? சாதுவா! நல்ல கதை. கேளு.

மொதல்ல செருப்பு. ஜோடியா கடிச்சாக்கூடப் பரவால்ல, ஒத்தையாத்தான் கடிக்கும். இந்த வீட்டுல இப்ப எல்லாருக்கும் எடது கால் செருப்புதான் மிச்சம். தம்பி ஒரு நாள் வேற வேற ஷூவை மாட்டிக்கிட்டு ஆபீஸ் போனான். அவன் மேலதிகாரி மூஞ்சியைப் பார்க்காம காலைப் பார்த்தே பேசினாராம். அப்புறம் அந்தப் பொண்ணோட கண்ணாடி. பரிட்சை அன்னிக்குக் காலைல காதுல மாட்டற கம்பி ஒண்ணைக் காணோம். கயித்தைக் கட்டிக்கிட்டுப் போச்சு பாவம். டீச்சர் திருத்தி வெச்ச பேப்பர் கட்டு இன்னொரு நாள். சுக்குநூறு. யாருக்கு என்ன மார்க்குன்னு தெரியாம மொத்த கிளாஸையும் பாஸ் போட்டா. அந்தப் பசங்க இதுக்குச் சிலை வைக்கணும்.

சிரிக்கறே. உன் வீட்டுல நடந்தா சிரிப்பு வராது.

தோட்டம் இருக்கா? ரெண்டு குழந்தைங்களா? அப்ப இன்னும் மோசம்மா. பல்லு ஊசி மாதிரி இருக்கு. குழந்தைங்க பிஞ்சுக் கை. யோசிச்சுக்கோ.

ஆங், அதையும் சொல்லிட்டாளா. நனைக்கும். பின்ன, நனைக்காம? தரைன்னா துடைச்சிடலாம். இது சோபாவுல, நாற்காலியில, கட்டில்ல. என் கட்டில்லதான் ஜாஸ்தி.

எப்படி ஏறும்னா கேக்கறே? டீச்சரும் அதையேதான் கேட்டா. இத்துனூண்டு கால், இவ்வளவு உயரம், எப்படிக்கான்னு கண்ணை இடுக்கிக்கிட்டு என்னையே பார்த்தா. ஏறும்மா. பிஸ்கட்டைக் காட்டினா எது வேணா எங்க வேணா ஏறும். நான்தான் பழக்கினேன். கட்டிலை ஒட்டி ஒரு முக்காலி, முக்காலி மேல ஒரு துண்டு, கட்டில் மேல ஒரு துண்டு. ஒரு நாள் அவ கண்ணெதிர்லயே ஏறிக் காட்டிச்சு பாரு, எனக்கு அப்படி ஒரு நிம்மதி. ஏனா? சும்மாதான். கெட்டிக்காரக் குட்டின்னு தெரியட்டுமேன்னு.

அடக்கத் தெரியணும்மா. எனக்கெல்லாம் அதுதான் பொழப்பு. டெலிபோன் ஆபீஸ்ல ஆபரேட்டரா இருந்தேன். காதுல மாட்டிக்கிட்டு உக்காந்தா ஷிப்ட் முடியற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. அவசரம்னா கையைத் தூக்கணும். தூக்கினா சூப்பர்வைசரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்குவாங்க, அங்க ஏதோ தேர் போற மாதிரி. ஊரே என் காது வழியாத்தான் பேசிச்சு. குழந்தை பொறந்தது, ஆள் செத்தது, ஓடிப்போனது. நான் காலை இடுக்கிக்கிட்டு, பேசுங்க, லைன்ல இருக்காங்க, பேசுங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அவ்வளவு வருஷம் அடக்கினதை உடம்பு எங்கேயோ எழுதி வெச்சுக்கும் போல. சரி, அது எதுக்கு இப்ப.

அடிப்பாங்களாவா? பின்ன, மடியில வெச்சுத் தாலாட்டுவாங்களா? டீச்சர்தான், கழுத்தைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து, ஈரத்துல மூக்கை வெச்சுத் தேய்ப்பா. அப்புறம் பேப்பரைச் சுருட்டி மூஞ்சியிலயே ரெண்டு. தப்பு பண்ணின எடத்தைக் காட்டித்தான் திருத்தணுமாம். அந்தப் பொண்ணு அழும். தம்பி பல் தேய்க்கற சாக்குல உள்ள போய்க் குழாயைத் திறந்து விட்டுக்குவான், சத்தம் கேக்காம இருக்க. நான் உக்காந்து பாத்துட்டிருப்பேன். நல்லாப் போடு, அப்பத்தான் புத்தி வரும்னு ஒரு தடவை சொன்னேன். ஒரு தடவை என்ன, பல தடவை.

அய்யோ, நீ ஏம்மா அதைத் தூக்கறே? இவ்வளவு சொல்றேன், வேண்டாம்னு கிளம்புவேன்னு பார்த்தா கொஞ்சிக்கிட்டு உக்காந்திருக்கே. அடி வாங்குதுன்னா பாவமா இருக்கா? நல்லா வந்து வாய்ச்சே. கீழ விடு. விடும்மா.

பாரு. விட்டதும் இங்க வந்து மோந்து பார்த்துட்டு மூலைக்கு ஓடிடுச்சு. நடுங்குது பாரு. உன்னைப் பார்த்து இல்ல. எங்கயாவது ஈரம் தெரிஞ்சாப் போதும், ஆள் வர்றதுக்கு முன்னாலயே போய் மூக்கைச் சுவத்துல அழுத்திக்கும். இப்ப எங்க ஈரம்னா? இல்ல, ஒண்ணும் இல்ல. பழக்க தோஷம்.

அந்த ரூமா? என்னுதுதான். முன்னால டீச்சரோட அம்மா இருந்தாங்க. பெத்த அம்மா. படுக்கை நனைய ஆரம்பிச்சுது. பொறுத்தா, பொறுத்தா, ஒரு நாள் துணியெல்லாம் ஒரு பையில அடைச்சு, கார்ல ஏத்தி, ஹோம்ல விட்டுட்டு வந்துட்டா. நல்ல எடம்தானாம். நான் ஒரு தடவை பார்க்கப் போனேன். எல்லாருக்கும் ஒரே சட்டை, ஒரே முடிவெட்டு. யாரு அவங்கன்னு கண்டுபிடிக்கவே நேரமாச்சு. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, மெத்தையை வெயில்ல போட்டாச்சான்னு கேட்டாங்க. மகளைப் பத்திக் கேக்கலை. பேத்தியைப் பத்திக் கேக்கலை. மெத்தை காஞ்சிடுச்சா, அவ்வளவுதான். பெத்தவளுக்கே அந்தக் கதின்னா, போக்கிடம் இல்லாம வந்து ஒட்டிக்கிட்ட நாத்தனார் நான் எம்மாத்திரம்?

என்னம்மா அப்படிப் பார்க்கறே. கண்டுபிடிச்சிட்டியா.

குட்டி எப்பவோ பழகிடுச்சும்மா. கதவைச் சொரண்டும். திறந்து விட்டா செடிக்கு அடியில போயிட்டு, மண்ணைத் தள்ளி மூடிட்டு வந்துடும். உன் வீட்டுல ஒரு பொட்டு நனைக்காது, பயப்படாதே. விடியக்காலைல முழிப்பு வரும் எனக்கு. துணி கனமா, சில்லுன்னு இருக்கும். அப்ப இது கதவோரம் மிதியடியில சுருண்டு கிடக்கும். தூக்கிட்டு வந்து ஈரத்து மேல வெப்பேன். ஈரத்தைத் தொட்டு அது வயித்துலயும் கொஞ்சம் தடவி விடுவேன். தூக்கத்துலயே என் விரலை நக்கும். அது நக்கி முடிக்கட்டும்னு இருந்துட்டு, அப்புறம் கத்துவேன். அய்யய்யோ, வந்து பாரேன் இந்தச் சனியன் பண்ணின வேலையைன்னு.

இது போயிட்டா, தேய்க்கறதுக்கு என் மூக்குதான் மிச்சம்.

சரி, கொண்டு போ. நான் தடுத்தா கேக்கவா போறே. நீ நல்லா வெச்சுக்குவே, உன் கையைப் பார்த்தாலே தெரியுது. பிஸ்கட் டப்பா அந்த அலமாரியில இருக்கு, அதையும் எடுத்துக்கோ.

வேண்டாம், எனக்குக் கை குடுக்காதே. நான் எந்திரிக்க மாட்டேன். முட்டிக்கு ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் இருக்கு. நீ மணி அடிச்சப்ப வேகமா எந்திரிக்கப் போனேன். அதுக்குள்ள ஆயிடுச்சு. அப்படியே உக்காந்துட்டேன். நீ வந்ததுலேர்ந்து அதுலதான் உக்காந்திருக்கேன்.

கேட் சத்தம். அவதான். பள்ளிக்கூடம் விட்டாச்சு.

கண்ணு, கூடையில போடறதுக்கு முன்னால, ஒரே ஒரு நிமிஷம், அதைத் தூக்கி என் மடியில வை. சீக்கிரம்.