கோடு வாசிக்கும் பேனா

பழைய கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன் நான் எப்போதும் சோப்புப் போட்டுக் கை கழுவுவேன். விரலில் எண்ணெய்ப் பசை இருந்தால் பொத்தான்களின் எழுத்து அழிந்துவிடும். என்னைப் பற்றி மற்றதை எழுதும்போது இதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

டெஸ்மண்டும் நானும் ஒன்றாக நில அளவை வேலை பார்த்தவர்கள். நாற்பது வருடங்களுக்கு முன் ஒரே ரகக் கால்குலேட்டரை ஆளுக்கொன்று வாங்கினோம். புரோகிராமை ஏற்றிவிட்டால் அளவுக் கணக்கைத் தானே போட்டுவிடும். புரோகிராம்களைப் பார்கோடாக அச்சிட்ட புத்தகம் என்னிடம் இருந்தது. அதை வாசிக்கும் பேனா அவரிடம் இருந்தது: தடியாக, கறுப்பாக, சுருள் வயரோடு. கால்குலேட்டரில் செருகி, கோடுகளின் மேல் ஓர் இழுப்பு இழுத்தால் போதும். பேனா இல்லையென்றால் நூற்றுக்கணக்கான கட்டளைகளை ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். ஜொகூர் முழுக்கத் தேடினேன், சிங்கப்பூரிலும் தேடினேன். கிடைக்கவில்லை.

சனிக்கிழமைதோறும் தம்போயிலிருந்து ரெங்கத்தில் டெஸ்மண்ட் வீட்டுக்குக் காரோட்டிப் போவேன். பேனாவைப் பதினைந்து நிமிடம் கொடுப்பார். அப்போதும் வயரைத் தன் கையில் பிடித்துக்கொள்வார்.

"டெஸ்மண்ட், அத எனக்கே குடுத்துடேன்லா."

"நான் செத்தாலும் கெடைக்காது மதி. பெட்டியில என்கூடதான் வரும்."

சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் மனைவி கெர்ட்ரூட் அதை அப்படியே மனதில் வைத்துக்கொண்டார். நானும்தான்.

மார்ச்சில் ஒரு போலிப் பேனா செய்தேன். பேட்டரி டூத்பிரஷ்ஷின் கைப்பிடி, பழைய டெலிபோனின் சுருள் வயர், கொஞ்சம் கறுப்புச் சாயம். தலையணைக்குச் சட்டை மாட்டி, பாக்கெட்டிலிருந்து ஒன்றை எடுத்து இன்னொன்றை வைக்கப் பழகினேன். முதலில் ஏழு நொடி ஆயிற்று. போகப் போக நான்கு.

டெஸ்மண்ட் இறந்தது ஜூனில். நீங்கள் தேதியைக் கவனித்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

அவருக்கு இனிப்பு நீர். வீட்டில் கெர்ட்ரூட் சீனி டப்பாவையே ஒளித்து வைத்திருந்தார். நான் அவரைக் காற்று வாங்கக் காரில் அழைத்துப் போவேன். வழியில் ஒரு செண்டோல் கடை உண்டு; தேங்காய்ப் பாலில் வெல்லப் பாகு ஊற்றித் தருவார்கள். ஒரு கிண்ணம் முடிந்ததும் நானே இன்னொன்று சொல்வேன், பாகு கூடுதலாக. "வீட்டுல சொல்லிடாதலா," என்பார். சொல்லவில்லை. நான் வாக்குத் தவறுகிறவன் அல்ல. ஏப்ரலில் வாரம் ஒரு தடவை போனோம். மே மாதம் வாரத்துக்கு நான்கு. "நீங்க வந்தாதான் அண்ணே அவரு மொகத்துல சிரிப்பே வருது," என்று கெர்ட்ரூட் கண் கலங்கினார். காலில் புண் வந்த பிறகும் போனோம். அப்போது கிண்ணத்தைக் காருக்கே கொண்டுவந்து கொடுத்தேன். நோயாளியை நடக்க விடக் கூடாதல்லவா.

அடக்கத்தன்று காலை, பெட்டியை மூடும் முன், அவர் நெஞ்சில் முகம் புதைத்து அழுதேன். அழுகை உண்மையானது. நான்கு நொடி. பாதர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

எட்டாம் நாள் கெர்ட்ரூட் சொல்லாமல் கொள்ளாமல் தம்போய்க்கு வந்தார். ஒரு சின்னப் பெட்டியை என் கையில் வைத்தார். உள்ளே இன்னொரு பேனா, உறைகூடப் பிரிக்காதது.

"ரொம்ப வருஷமா உங்களுக்குன்னு வச்சிருந்தாரு அண்ணே. இப்பவே குடுத்துட்டா மதி ரெங்கம் பக்கமே வரமாட்டான், அப்புறம் நான் யார்கூட பேசறதுன்னு சொல்லுவாரு."

பிறகு அவர் பார்வை என் மேசைக்குப் போனது.

"இது அவரோடதுல்ல? நாந்தானே பாக்கெட்டுல வச்சேன்?"

பொய் சொல்ல எனக்கு வராது. உட்காரச் சொல்லி, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன், செண்டோல் உட்பட. அவர் அழவில்லை. வாசலுக்குப் போய் நின்று உங்களுக்குப் போன் செய்தார்.

நீங்கள் வருவதற்குள் புதுப் பேனாவால் மூன்று புரோகிராம் ஏற்றிவிட்டேன். அருமையாக வேலை செய்கிறது. ஆனால் நினைத்துப் பாருங்கள், டெஸ்மண்ட் முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார். கூடப் பழகினவனிடம் இப்படியா மறைப்பது?