கோல் கீப்பர் நூர்ஜஹான்

புதிதாக வருகிற வீடியோ கேம் பெட்டி பழைய கேம்களையும் ஓட்ட வேண்டுமா என்று என்னைக் கேட்டால், தேவையில்லை என்றுதான் சொல்வேன். இதில் எனக்குக் கோபதாபம் ஒன்றும் கிடையாது. நன்னிலம் பக்கம் ஓர் அரிசி மில்லில் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவன் நான். மில்லில் புது மெஷின் இறங்கினால் பழைய சல்லடை அதில் பொருந்தாது. தூக்கிக் கொல்லையில் போடுவோம். சல்லடைக்காக யாரும் துக்கம் விசாரிக்க வந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் பழையதும் ஓடியே தீரவேண்டும் என்று ஒரு கட்சி இருக்கிறது. காதர் மைதீன் பாயின் மகன் அன்சார் அந்தக் கட்சி. பேசிப் புரியவைக்கிற விஷயம் இல்லை என்பதால் நான் கொஞ்சம் கையால் வேலை செய்யவேண்டியதாகிவிட்டது.

பாய்க்குக் கூத்தாநல்லூரில் சாக்கு மண்டி இருந்தது. எங்கள் மில்லுக்குச் சாக்கு அவருடையதுதான். அப்படித்தான் பழக்கம். நானும் ரிட்டையர் ஆனேன், அவரும் மண்டியை விட்டார். அதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் கால் தங்குவதில்லை. வீட்டுக்குள் நான் நடந்த நடையில் மொசைக் தேய்ந்து, அடியில் இருந்த பழைய சிமென்ட் தரை எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. "எங்கயாவது போயிட்டுத்தான் வாங்களேன், எனக்குத் தலை சுத்துது" என்று என் மனைவி பிரகதாம்பாள் மொபெட் சாவியை எடுத்து நீட்டினாள். எனக்குப் போக்கிடம் ஒன்றுதான். பாய் வீடு.

அன்சார் துபாயில் இருக்கிறான். ஒரு லீவுக்கு வந்தபோது கேம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, திரும்பும்போது அப்பாவிடமே விட்டுப் போனான். ஃபுட்பால் கேம். சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து பாய் வந்ததும் ஆளுக்கொரு ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு சோபாவில் உட்காருவோம். பாய் கோல் போட்டால் போடுகிற சத்தத்தில் மெயின் ரோட்டில் மன்னார்குடி பஸ் பிரேக் போடும். திருக்கடையூரில் எனக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தபோது, கலசத் தண்ணீர் என் தலையில் விழுந்துகொண்டிருக்கிறது, எதிரில் நின்ற பாய் விரலை விரித்து முந்தின நாள் ஸ்கோரைக் காட்டுகிறார். அப்படிப்பட்ட மனிதர்.

என் அணி ஐரோப்பாவிலேயே விலை உயர்ந்த அணி. அது பாயிடம் தோற்காத நாள் இல்லை. பாயின் அணியோ ஊர்ச் சனம். அந்தக் கேமில் ஆட்டக்காரர்களுக்கு நாமே பெயர் வைத்துக்கொள்ளலாம். "சொல்லுங்கத்தா" என்று அப்பாவைக் கேட்டுக் கேட்டு அன்சார் உட்கார்ந்து தட்டிக் கொடுத்தான். பினாங்கில் இறந்துபோன பெரியண்ணன், மண்டியில் மூட்டை தூக்கிய ஜாஹித், ஆட்டோ ஓட்டுகிற செந்தில்குமார், இப்படிப் பதினொரு பேர். ஆட்டத்தில் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் அவரவர் பெயர் மிதந்துகொண்டே ஓடும். கோல் கீப்பர், பாயின் மனைவி நூர்ஜஹான். "இந்த வீட்டுல அவளைத் தாண்டி எது போயிருக்கு?" என்று கேட்டார் பாய். கம்ப்யூட்டர் கொடுத்த முகத்தில் கறுகறுவென்று தாடி. அதைப் பார்த்த நூர்ஜஹான், எனக்குத் தங்கச்சி மாதிரி, ரம்ஜான் வரைக்கும் குழம்பில் உப்புப் போடவில்லை.

"என்னை எங்க பாய் போட்டிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"பெஞ்சுல இருக்கே."

"எப்ப இறக்குவீங்க?"

"யாருக்காச்சும் அடிபடட்டும் தியாகேசு. உனக்கு ரெண்டு எட்டு ஓடினா மூச்சு வாங்கும்."

"அது பொம்மை பாய்."

"பேரு உன்னோடதுதானே."

எல்லோரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தவன் நான்தான்.

அதற்குப் பிறகு நான் ஆடிய ஆட்டம் முழுக்க ஒரே நோக்கம்தான். பாயின் ஆட்களில் ஒருவரையாவது காலை வாரி வெளியே அனுப்ப வேண்டும். எதிர் அணியின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என்னை உள்ளே இறக்க, என் அணியை வைத்தே நான் பாடுபட்டேன். சிவப்பு அட்டை வாங்கி வாங்கி, சில நாள் ஆட்டம் முடியும்போது என் பக்கம் கோல் கம்பம் மட்டும் நிற்கும். ஒரே ஒரு தடவை ஜாஹித் நொண்டிக்கொண்டு வெளியே போனான். பாய் பெஞ்சைப் பார்த்தார். எனக்குப் பக்கத்தில் இருந்த முடிவெட்டுகிற ராம்கியை இறக்கினார். ஏன் என்று கேட்டிருந்தால் சின்னப் புத்தி என்று ஆகியிருக்கும்.

பிறகு பாய்க்கு மறதி வந்தது. முதலில் சாவி, பிறகு வீட்டு வழி, பிறகு மனிதர்கள். தஞ்சாவூரில் காட்டினார்கள். எது அவரைப் பேச வைக்கிறதோ அதை நிறுத்தாதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். பேச வைத்தது அந்தக் கேம்தான். மற்ற நேரத்தில் நூர்ஜஹானைப் பார்த்து, "ஏம்மா, வீட்டுக்காரங்க யாரும் இல்லையா?" என்று மரியாதையாகக் கேட்பார். ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டால் போதும், "நூர்ஜஹான், பின்னால பாரு, வுட்றாதே" என்பார். அந்தக் குரலில் முழுப் பாயும் இருப்பார்.

தங்கச்சி அடுப்படியில் எந்த வேலையில் இருந்தாலும் வாசற்படிக்கு வந்து நின்றுவிடும். "பாத்துக்கிட்டுதாங்க இருக்கேன்" என்று பதில் சொல்லும். ஒருநாள் டீ கொடுக்கும்போது என்னிடம் சொன்னது: "அண்ணே, இந்த ஆட்டம் முடியுற வரைக்கும்தான் நான் இந்த வீட்டுல இருக்கேன். அப்புறம் யாரோ ஒருத்தி. அந்தப் பெட்டி நிக்காம மட்டும் பாத்துக்கங்கண்ணே."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அந்த வாரமோ அடுத்த வாரமோ, நான் உள்ளே நுழைந்ததும் பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரோ வந்திருக்காங்க, என்னன்னு கேளு" என்றார். நான் வருத்தப்படவில்லை. உட்கார்ந்து யோசித்தேன். என்றோ செத்துப்போன பெரியண்ணன் நினைவில் இருக்கிறார், தினமும் எதிரில் உட்கார்ந்திருக்கிற நான் இல்லை. காரணம் எளிதானது. அந்தப் பதினொரு பேரும் தலைக்கு மேல் பெயரைத் தூக்கிக்கொண்டு தினமும் அவர் கண்முன்னால் ஓடுகிறார்கள். ஆட்டம் ஓடும்போது பெஞ்ச் திரையில் தெரிவதே இல்லை.

பட்டனைத் தட்டி நீயே உன்னை உள்ளே இறக்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நானும் நினைத்தேன். ஒருவர் உள்ளே வந்தால் இன்னொருவர் வெளியே போகவேண்டும். யாரை எடுப்பது? அண்ணனையா? நூர்ஜஹானையா? ஒரு ஆளைத் தனியாகப் பொறுக்கி வெளியே தள்ளுகிற அளவு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. எல்லோரும் சேர்ந்து போனால் யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது.

இந்த நேரத்தில் அன்சார் போன் செய்தான்.

"மாமா, பழைய பெட்டி ரொம்பச் சத்தம் போடுதுன்னு அம்மா சொன்னாங்க. புதுசு ஒண்ணு கொடுத்து விடுறேன். அதுல பழைய கேமும் ஓடும். அத்தாவோட டீமையும் அப்படியே மாத்திக்கலாம்."

"ரொம்ப நல்லது தம்பி."

"டிஸ்க் போடுற வாய் உள்ளது ஒண்ணு இருக்கு, வாய் இல்லாதது ஒண்ணு இருக்கு. அத்தாவோட கேம் டிஸ்க்கா, இல்ல நெட்ல இறக்குனதா? எனக்கு மறந்து போச்சு. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

டிஸ்க் அப்போது என் ஆள்காட்டி விரலில் வளையம் மாதிரி மாட்டியிருந்தது. சுற்றிக்கொண்டிருந்தேன்.

"இறக்குனதுதான் தம்பி. வாய் இல்லாததே போதும். எதுக்கு அனாவசியமா."

துபாயிலிருந்து ஊருக்கு வருகிறவர் பெட்டியில் இடம் கேட்டுத்தான் எங்கள் பக்கம் சாமான் வந்து சேரும். கொண்டுவந்தவர் லீவு முடிந்து போய்விட்டால் பொருள் தப்பு, மாற்றிக்கொடு என்று போய் நிற்க இடம் கிடையாது. யாரும் அப்படி நிற்பதும் இல்லை, வந்ததே பெரிது. பெட்டி வந்து இறங்கியது. கொண்டுவந்தவர் திரும்பிப் போகும்வரை அட்டையைப் பிரிக்க விடாமல் பார்த்துக்கொண்டவன் நான்தான். ஆடி போகட்டும், நல்ல நாள் பார்த்துப் பிரிக்கலாம் என்றேன். முஸ்லிம் வீட்டில் ஆடி என்ன ஆவணி என்ன என்று யாரும் கேட்கவில்லை. என் வார்த்தைக்கு அங்கே அவ்வளவு மதிப்பு.

இடைப்பட்ட நாளில் மில்லுக்குப் போய் நைஸ் தவிடு கொஞ்சம் வாங்கிவந்தேன். உமித்தூசியில் எண்ணெய் கிடையாது, ஊதினால் போய்விடும். தவிட்டில் எண்ணெய் உண்டு, சூட்டில் அப்பிக்கொள்ளும். இத்தனை வருட மில் அனுபவம் வீண் போகவில்லை. பழைய பெட்டியின் பின்பக்கம் காற்று போகிற துவாரத்தில் சிட்டிகை சிட்டிகையாகக் கொடுத்தேன். தங்கச்சி கொல்லையில் இருந்தது. பாய் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குச் சாப்பாடுங்களா?" என்று கேட்டார்.

"ஆமா பாய்."

"குடுங்க குடுங்க. பசிக்கும்ல." தாமும் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டார். தினமும் ஆட்டத்துக்கு முன்னால் கையை நீட்டி அவரே தவிடு கேட்கும் அளவுக்கு அது பழக்கமாகிவிட்டது.

குறுவை அறுவடை மும்முரமாக இருந்தபோது பெட்டி நின்றது. ஜாஹித் பந்தோடு கோலுக்குள் நுழையப் போகிறான். கால் தூக்கினபடி அப்படியே நின்றுவிட்டான். பிறகு திரை கறுப்பானது. பாய் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தார். "ஜாஹித், ஏன்டா நிக்கிறே? போடா" என்றார். எழுந்தார், டிவிக்குப் பின்னால் போய்ப் பார்த்தார், கேட்டைத் திறந்து தெருவில் பார்த்தார், திரும்பி வந்து உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். அன்று சாயங்காலம் முழுக்க அவர் நடந்த நடை, என் மொசைக் நடையெல்லாம் அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

திருவாரூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற ஜாஃபர் சாதிக்கிடம் பெட்டியைக் கொண்டுபோனது நான்தான். திறந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"மாமா, இது கேம் பெட்டியா கோழிக்கூண்டா? உள்ள அடை சுட்ட மாதிரி இருக்கு."

"அறுப்பு நேரம்ல தம்பி. ரோடு பூரா நெல்லு காயுது."

"அதான் பாத்தேன். நேத்து ஒரு லேப்டாப்பும் இப்படித்தான் வந்துச்சு" என்று தலையாட்டினான். அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கம் எதற்கு வேண்டுமானாலும் தூசி மேல் பழி போடலாம். டீயில் தூசி, கண்ணில் தூசி, கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை முகத்தில்கூடத் தூசி.

பெட்டி தேறாது என்றான். ஆனால் உள்ளேயிருந்து கையகலப் பாகம் ஒன்றைக் கழற்றி, பேப்பரில் சுற்றி என்னிடம் கொடுத்தான். "டீமெல்லாம் இதுக்குள்ள பத்திரமா இருக்கு மாமா. அன்சார் லீவுல வந்தா எடுத்துக்குவான். தொலைச்சுடாதீங்க."

லெட்சுமாங்குடிப் பாலத்தில் அது ஆற்றில் விழுந்தது. கை தவறிவிட்டது என்று சொல்லலாம். ஆனால் நான் மொபெட்டை ஓரங்கட்டி, ஸ்டாண்ட் போட்டு, பேப்பரைப் பிரித்து, தண்ணீர் சுழித்து ஓடுகிற பக்கம் எது என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போட்டேன். ஆகவே அப்படிச் சொல்வது சரியாக இருக்காது.

"டீமுமாண்ணே போச்சு?" என்று தங்கச்சி கேட்டது.

"எல்லாம்தான் தங்கச்சி."

தங்கச்சி வாசற்படியிலிருந்து உள்ளே போய் எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்தது. சர்க்கரை சரியாக இருந்தது.

புதுப் பெட்டியைப் பிரித்தார்கள். டிஸ்க் போட வாய் இல்லை என்று தெரிந்ததும், அன்சார் போனில் தான்தான் தப்பாகக் கேட்டுக்கொண்டதாக மன்னிப்புக் கேட்டான். பெருந்தன்மையாக நான் அதை ஏற்றுக்கொண்டேன். புதுக் கேம் ஒன்றை அங்கிருந்தே ஏற்றிவிட்டான். பெயர் தட்டுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஒன்பதாம் நம்பர் சட்டைக்கு ஒரே ஒரு பெயர். மற்றவர்களுக்குக் கம்ப்யூட்டர் கொடுத்த வெள்ளைக்காரப் பெயர்களே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"அண்ணே, கோல் கீப்பருக்கு என் பேரைப் போட்டுடலாமா? தாடி இருந்தாலும் பரவால்ல" என்று தங்கச்சி மெதுவாகக் கேட்டது.

"இந்தப் பெட்டியில பொம்பளைங்க பேரு ஏறாதாம் தங்கச்சி."

சரிங்கண்ணே என்று போய்விட்டது. இப்போதெல்லாம் ஆட்ட நேரத்தில் வாசற்படிக்கு வருவதில்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்கும்.

பாய் புது ஆட்டத்தைப் பழகிக்கொண்டார். வெள்ளைக்காரப் பெயர்கள் அவர் வாயில் நுழையவில்லை. நுழைகிற பெயர் ஒன்றுதான். "தியாகேசு, ஓடு, ஓடு, அடி" என்கிறார். பெரியண்ணனைக் கேட்டால் தெரியவில்லை. ஜாஹித்தைத் தெரியவில்லை. அன்சார் வீடியோ காலில் வந்தால் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். காலையில் எழுந்ததிலிருந்து வீட்டுக்கும் கேட்டுக்குமாக நடந்துகொண்டு, "தியாகேசு எங்க, தியாகேசை இன்னும் காணோம்" என்று தெருவில் போகிறவர்களை எல்லாம் விசாரிக்கிறார். வேறு வழியில்லாமல் தங்கச்சி எனக்கு போன் செய்கிறது. நான் போட்டது போட்டபடி மொபெட்டை எடுத்துக்கொண்டு போகிறேன்.

பாய் என்னைப் பார்த்து எழுந்து நாற்காலியை இழுத்துப் போடுகிறார். "வாங்க, உக்காருங்க. தியாகேசு வர்ற நேரம்தான்" என்கிறார். நானும் அவரோடு உட்கார்ந்து கேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மனிதன் தன் சிநேகிதனை இந்த அளவுக்குத் தேடி நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?