இடைவேளைக்குப் பாடத்திட்டம் எழுதியவர்

மேடையில் வீற்றிருக்கும் நிர்வாகக் குழுவினரே, தலைமை ஆசிரியர் அவர்களே, நூலகம் எந்த மாடியில் இருக்கிறது என்று இன்று காலைதான் விசாரித்துத் தெரிந்துகொண்ட பெரியவர்களே, பின்வரிசையில் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருக்கும் துப்புரவுப் பணியாளர்களே, வணக்கம்.

நான் இந்தப் பள்ளியின் கம்ப்யூட்டர், மைக், மணி மூன்றையும் பழுதுபார்க்கிறவன். மேடைப்பேச்சு தெரியாது. தெரிந்தவர்கள் இவ்வளவு நேரம் செய்த காரியத்தால்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

போன வாரம் இறந்துபோன நம் நூலகர் அக்கா "அன்பைப் பொழிந்தார்" என்றீர்கள். அன்பா! அதைப் பொழிந்தவர் தலைமை ஆசிரியர் அல்லவா? மூன்றாம் வகுப்பில் ஆட்டிசம் உள்ள ஒரு பெண் குழந்தை. வகுப்பில் கணக்கெல்லாம் டாண் டாண் என்று போட்டுவிடுவாள். பத்து நாற்பதுக்கு இடைவேளை மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு கதவு மூலையில் சுருண்டுவிடுவாள். அதற்கு நம் மேதைகள் கண்ட மருந்து என்ன? 'நட்பு வட்டம்'! இருபது பிள்ளைகள் கைகோத்து அவளைச் சுற்றி நின்று பாட வேண்டும். சத்தத்துக்குப் பயப்படும் குழந்தைக்குச் சத்தத்தாலேயே வேலி! மூன்றாம் நாள் ஒருத்தியின் கையைக் கடித்துவிட்டாள். உடனே அம்மாவைக் கூப்பிட்டு, "இடைவேளைக்கு மட்டும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்களேன்" என்றார்கள். பதினைந்து நிமிஷத்துக்கு! என்ன மூளை, என்ன மூளை!

அக்கா என்ன செய்தார்? மூன்று நாள் வராந்தாவில் நின்று பார்த்தார். சும்மா பார்த்தார். அதையாவது நீங்கள் யாராவது செய்தீர்களா? பிறகு என்னிடம் வந்தார்.

"தம்பி, வகுப்புல அடுத்து என்னன்னு பலகையில எழுதியிருக்கு. இடைவேளையில என்ன எழுதியிருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. ஃப்ரீ."

"அந்த ஒண்ணுமில்லதான் அவளைப் படுத்துது. சரி, முதல்ல உன் மணியோட வாயைக் கொஞ்சம் அடக்கு."

மணியின் சத்தத்தைப் பாதியாக்கினேன். அக்கா ஒரு அட்டை எழுதினார். தண்ணீர் குடி. நூலகத்துக்கு வா. திரும்பி வந்த புத்தகங்களை எண் வரிசையில் அடுக்கு. தோழியோடு மைதானத்து ஓரமாக ஒரு சுற்று. பிறகு வகுப்பு. மணிக்கு இரண்டு நிமிஷம் முன்பே வகுப்பு வாசலில் போய் நின்று, "மேடம், இன்னும் ரெண்டு நிமிஷம்" என்பார். எட்டு வயது மேடம் தலையாட்டுவாள். கடிபட்டாளே, அவள்தான் இன்று அந்தச் சுற்று நடக்கும் தோழி! இத்தனைக்கும் அக்காவுக்குக் கிடைத்த பரிசு, விளக்கம் கேட்டு ஒரு கடிதம்: "குழந்தையை வேலை வாங்குகிறீர்கள்." அதில் கையெழுத்துப் போட்டவர் இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். நன்றாகத் துடையுங்கள் ஐயா.

சற்று முன் ஒரு பேச்சாளர், "அவர் சாகவில்லை! இந்தப் பள்ளியில்தான் இருக்கிறார்!" என்று முழங்கினாரே, சிலர் கைகூடத் தட்டினீர்களே, அப்போது இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு குழந்தை எழுந்து ஓடியதைக் கவனித்தீர்களா? பின்னாலேயே போனேன். நூலகத்தில் மேசைக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தாள்.

"இருக்காங்கன்னு சார் சொன்னார். எந்த ரூம்?"

முந்தாநாள் ஒரு புண்ணியவான் "ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொல்லிவைக்க, எத்தனை மணி பஸ்ஸில் திரும்புவார் என்று அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உங்கள் அலங்காரப் பேச்சுக்கு யார் ஓடுகிறார்கள், பார்த்தீர்களா?

"அக்கா செத்துட்டாங்க மேடம். அவங்க இதயம் நின்னுபோச்சு. எந்த ரூம்லயும் இல்ல. இனி வர மாட்டாங்க" என்றேன்.

என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அப்ப பத்து முப்பத்தெட்டுக்கு யார் வருவா?"

பெரியோர்களே, படம் திறக்கிறேன் என்கிறீர்கள், திறந்துகொள்ளுங்கள். இந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் உண்டா? மாற்றுச் சான்றிதழ் விண்ணப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் அம்மா இதோ உட்கார்ந்திருக்கிறார். அம்மா, அதைக் கொடுக்காதீர்கள். திங்கள்கிழமையிலிருந்து நான் போகிறேன். சர்வர் புகைந்தாலும் போவேன். எனக்குக் காய்ச்சல் வருகிற நாளில் யார் வருவார் என்றும் அந்த அட்டையில் எழுதவேண்டும். அதற்கு இன்னொரு ஆள் தேவை.

கைதட்ட வேண்டாம். கையைத் தூக்குங்கள்.