கடைசி வரி

ஜீவராணி: மெதுவா பேசுங்க மச்சான்... முழு பஸ்சும் திரும்பிப் பாக்குது!

சதீஸ்: பாக்கட்டுமே! எம் பொண்டாட்டி அந்த எடது கண்ணால போர்டுல கடைசி வரி வரைக்கும் வாசிச்சிருக்கா. கிளினிக் நர்ஸ் மிஸ்ஸியே வாயப் பொளந்துட்டாங்க!

ஜீவராணி: நீங்கதான் டீ குடிக்கப் போயிட்டீங்களே... உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

சதீஸ்: அத விடு. டாக்டர் சொன்னத இன்னொருக்கா சொல்லு.

ஜீவராணி: எத்தன தடவ! கண்ணுக்குள்ள இருந்த வீக்கம் அடங்கிருச்சாம்.

சதீஸ்: சுகமாயிருச்சு!

ஜீவராணி: சுகம்னு சொல்லல... திரும்பவும் வருமாம். சொட்டு மருந்த நீயா நிப்பாட்டாத, கிளினிக்கத் தவற விடாதன்னாரு.

சதீஸ்: சரி சரி, முக்கியமானத சொல்லு!

ஜீவராணி: கிழமைக்கு ஒருக்கா குடிக்கிற மாத்திரைய நிப்பாட்டிட்டு, வேற மாத்திரை தந்திருக்காரு.

சதீஸ்: ஏனாம்?

ஜீவராணி: தெரியாத மாதிரி கேக்குறதப் பாரு! அது உடம்புல இருந்தா வயித்துப் புள்ளைக்கு ஆகாதுன்னுதானே இத்தன நாளா...

சதீஸ்: இப்ப?

ஜீவராணி: கொஞ்ச மாசம் பொறுத்து... அவரு சரின்னதுக்குப் பொறவு...

சதீஸ்: பொறவு?

ஜீவராணி: பஸ்ல வச்சுக் கேக்குற கேள்வியா இது?

கண்டக்டர்: இஸ்ஸரஹட யன்ன! முன்னுக்குப் போங்க, முன்னுக்கு!

சதீஸ்: போறோம் தம்பி! இன்னைக்கு எங்க போகச் சொன்னாலும் போறோம்! ஜீவா, கஹவத்தையில எறங்கினதும் லட்டு வாங்குறேன். கருப்புக் கண்ணாடியப் போடு, வெயில் குத்தும்.

ஜீவராணி: போட்டா தோட்டத்துக் கங்காணி "நடிகை வாறா"ன்னு கத்துவாரு.

சதீஸ்: கத்தட்டும். ரப்பர் பால் வெட்டுற நடிகைய வேற எங்க பாத்தாரு... ஏய், என்ன, மூஞ்சி வாடிப்போச்சு?

ஜீவராணி: மச்சான்... நான் ஒரு களவு பண்ணப் பாத்தேன்.

சதீஸ்: களவா?

ஜீவராணி: ஒரே எழுத்து நாலு பக்கமும் திரும்பி நிக்குமே, அந்த போர்டு... போன தடவ பெஞ்சில குந்தியிருந்தப்போ நல்ல கண்ணால பாத்துப் பாடமாக்கிட்டேன். மேல, எடது, கீழ, கீழ, வலது... பால் வெட்டுறப்போ எல்லாம் அதத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்.

சதீஸ்: எதுக்குடி?

ஜீவராணி: பார்வையும் ஏறினாத்தான் மாத்திரைய மாத்துவேன்னு டாக்டர் சொன்னாருல்ல. எனக்குப் புள்ள வேணும் மச்சான். கண்ணு போனா போகட்டும்னு...

சதீஸ்: அடிப்பாவி...

ஜீவராணி: கேளுங்களேன்! இன்னைக்குப் போயி நின்னா, போர்டே வேற! வேற வழியில்லாம உத்துப் பாத்தேன்... தெரியுது மச்சான்! எது எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு தெரியுது! நெசமாவே வாசிச்சேன்!

சதீஸ்: போர்டு வேறன்னு எனக்குத் தெரியும்.

ஜீவராணி: எப்பிடித் தெரியும்? டீ குடிக்கப் போனவரு, மிஸ்ஸிகிட்ட சிங்களத்துல என்னமோ பேசிக்கிட்டு... நீங்கதானா?

சதீஸ்: தெனமும் தூக்கத்துல "மேல, எடது, கீழ"ன்னு பொலம்பினா எனக்கு வெளங்காதா? போர்ட மாத்தச் சொன்னது நான்தான். நாளைக்குப் புள்ள பொறந்தா, அத நீ ரெண்டு கண்ணாலயும் பாக்கணும்ல.