மாவினால் செய்த ஆறு கைத்துப்பாக்கிகள் குறித்து

என் பெயர் சந்தியோகு நீக்கிலாப்பிள்ளை. வயது எழுபத்து நான்கு. டோர்செட் பார்க்கில் உள்ள தொடர்மாடிக் கட்டடம் ஒன்றின் ஒன்பதாம் மாடியில், 907ஆம் இலக்க வீட்டில், என் மனைவி யூஜினியுடன் வசிக்கிறேன். அவருக்கு வயது அறுபத்தெட்டு. நான் இலங்கையில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞராகவும், இங்கே சமையலறை அலுமாரி செய்யும் தொழிற்சாலையொன்றில் அளவெடுப்பவராகவும் வேலை செய்து ஓய்வு பெற்றவன். இதற்கு முன் பொலிசாருக்கு வாக்குமூலம் கொடுத்ததில்லை. எனக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் இன்று, 2025 யூலை 17, வியாழக்கிழமை பிற்பகல், அது வாயில் வரவில்லை. ஆகவே தமிழ் தெரிந்த பொலிஸ் உத்தியோகத்தர் கஜனி அவர்களின் அனுமதியுடன் இதைத் தமிழில் என் கையாலேயே எழுதுகிறேன். அவர் மொழிபெயர்ப்பார்.

சென்ற மே மாதம் ஸ்ரௌவ்வில் நகரப் பூங்காவொன்றில் எங்கள் கோயில் ஒன்றுகூடல் நடந்தபோது, பலூன் சுடும் விளையாட்டில் என் மனைவி ஏழு முறை சுட்டு ஏழு பலூன்களையும் உடைத்தார். நானும் சுட்டேன். அதன் விவரம் இங்கே தேவைப்படாது என்று நினைக்கிறேன். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எங்கள் பங்கைச் சேர்ந்த லெஸ்லி என்பவர், விட்பியில் காற்றுத் துப்பாக்கி சுடும் சங்கமொன்றின் பயிற்றுநர், "அன்ரி, உங்கட கை அசையுதே இல்லை, வந்து பழகுங்கோ" என்றார். என் மனைவி அன்றிரவே பெயர் கொடுத்தார். இந்நாட்டில் சாதாரண ஆட்கள் இப்போது கைத்துப்பாக்கி வாங்க முடியாது என்பது எனக்குத் தெரியும். நாங்கள் எதையும் வாங்க நினைக்கவில்லை. சங்கத்திடம் காற்றுக் கைத்துப்பாக்கிகள் ஐந்து உண்டு. புதிதாகச் சேர்பவர் அவற்றில் ஒன்றைத் தெரிவுசெய்து பருவம் முடியும்வரை அதையே பாவிக்க வேண்டும். தெரிவுசெய்யும் நாள் வருகிற சனிக்கிழமை, 19ஆம் திகதி. அன்று தெரிவுசெய்யாதவரின் இடம் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

யூலை 5ஆம் திகதி அறிமுக வகுப்பில் என் மனைவிக்குக் கிடைத்தது பெரிய ஆண் கைக்குச் செய்த துப்பாக்கி. அரை மணித்தியாலத்தில் மணிக்கட்டு நொந்து, சுட்டவையெல்லாம் இலக்குக்குக் கீழே போயின. பிடி உள்ளங்கையை நிரப்ப வேண்டும், சுட்டுவிரலின் முதற் கணு இழுபடாமல் விசையைத் தொட வேண்டும், முன்பக்கம் பாரமாக இருந்து கையைக் கீழே இழுக்கக் கூடாது என்று லெஸ்லி விளக்கினார். மற்றவற்றையும் எடுத்துப் பார்க்கும்படி சொன்னார். என் மனைவி மறுத்தார். காரில் திரும்பும்போது என்னிடம், "பின்னால ஆக்கள் நிக்கேக்க உடுப்புக்கடையில மாதிரி ஒவ்வொண்டாப் போட்டுப் பார்க்கேலுமே?" என்றார். அன்றிரவு மணிக்கட்டில் எண்ணெய் பூசிக்கொண்டு, இனிப் போகாமல் விடலாமோ என்றும் கேட்டார். அவர் அப்படிக் கேட்டது நான் எதிர்பாராதது.

அதன் பின்னர் நான் லெஸ்லியின் அனுமதியுடன் விட்பிக்குப் போய் ஐந்து துப்பாக்கிகளையும் நாடாவால் அளந்து, நிறுத்து, படம் வரைந்து கொண்டு வந்தேன். யோசனை என்னுடையது. என் மனைவி அதில் எந்தப் பங்கும் எடுக்கவில்லை. வீட்டில் அவசரமில்லாமல் பிடித்துப் பார்ப்பதற்காக, நான்கு பங்கு கோதுமை மாவுக்கு இரண்டு பங்கு உப்பு சேர்த்துப் பிசைந்து, நிறை சரியாக வருவதற்கு உள்ளே நட்டுகளும் ஆணிகளும் வைத்து, ஐந்து மாதிரிகளைச் செய்து சுட்டெடுத்தேன். வெள்ளையாக இருந்தபோது என் மனைவி சிரித்துச் சிரித்து ஒன்றையும் நேராகப் பிடிக்கவில்லை. "இதுக்குச் சம்பல் எங்கை?" என்று கேட்டார். ஆகவே சப்பாத்துக்குப் பூசும் கறுப்பு மை பூசினேன். இது பிழை என்பதை இப்போது ஏற்றுக்கொள்கிறேன்.

நேற்றுப் பிற்பகல் மிஞ்சிய மாவை என் மனைவி கையில் எடுத்து, ஒரு கம்பியைச் சுற்றி இறுக்கிப் பிடித்து, "இஞ்சருங்கோ, இதுதான்" என்றார். அதில் அவருடைய விரல்கள் நான்கும் பதிந்திருந்தன. பெருவிரலின் அடியில் ஒரு மேடு எழும்பியிருந்தது. அந்த மேடு என் படங்கள் எதிலும் இல்லை. ஆனால் அவர் சொன்னதை நான் ஓர் அளவாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்தையும் எவ்வளவு நேரம் பிடிக்க முடிகிறது என்ற அட்டவணையை முதலில் முடிப்போம் என்றேன். இன்று நடந்த எல்லாம் இந்த ஒரு வசனத்தால் வந்தவை என்று நினைக்கிறேன்.

இன்று பிற்பகல் மூன்று மணிக்கு அந்த ஆறாவதை ஓவனில் வைத்தேன். மற்ற ஐந்தும் மை காய்வதற்காகப் பல்கனியில், மோர்மிளகாய் பரப்பிய சுளகின் ஓரத்தில் கிடந்தன. அதன் பின்னர் என் மனைவியைப் பல்கனியில் நிற்கச் சொல்லி, எதிர்க் கட்டடத்தில் ஒரு வட்டமான கறுப்புக் காற்றுத் துவாரத்தை இலக்காகக் காட்டி, ஒவ்வொன்றையும் நீட்டிப் பிடிக்கச் செய்தேன். கை நடுங்கத் தொடங்கும்வரை எத்தனை வினாடி என்று நான் மணிக்கூட்டைப் பார்த்து எழுதினேன். இலக்கம் ஒன்று ஒன்பது வினாடி, இரண்டு பதினொன்று, மூன்று எட்டு. நான்காவதைப் பிடித்துக்கொண்டிருந்தபோது எதிர்க் கட்டடத்தில் ஒரு பெண் திரையை வேகமாக இழுத்து மூடியதைக் கண்டேன். வெயிலுக்காக மூடுகிறார் என்று நினைத்தேன். அவர் அறிவித்தது சரியே. அவர்மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை.

நான்கு இருபத்தைந்து அளவில், நான்கு முப்பதாகவும் இருக்கலாம், கதவு பலமாகத் தட்டப்பட்டது. திறந்தேன். வாசல் நடையில் ஐந்தாறு பொலிசார் நின்றார்கள். கைகளைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன். வீட்டில் ஆயுதம் இருக்கிறதா என்று அவர்களுக்குப் பொறுப்பாக வந்த சார்ஜன்ட் மாக்கஸ் கேட்டார். "ஐந்து, எல்லாவற்றுக்கும் இலக்கம் போட்டிருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். முதலில் சொல்ல வேண்டியது அதுவல்ல என்பது பின்னர் புரிந்தது. வேறு உண்டா என்று கேட்டார். உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதால் "இன்னும் ஒன்று ஓவனில் வேகுது" என்றேன். இதைத் தமிழில் சொல்லிவிட்டேன். அவர்களுடன் வந்திருந்த கஜனி அவர்கள் மொழிபெயர்க்கத் தொடங்கி, முடிக்கவில்லை. அவர் சுவரைப் பார்த்து நின்றார். தோள்கள் அசைந்தன.

அதன் பின்னர் சார்ஜன்ட் சமையலறைத் துணியால் ஓவனைத் திறந்து ஆறாவதை வெளியே எடுத்தார். நன்றாகப் பொன்னிறமாக வந்திருந்தது. பல்கனியில் இருந்ததில் ஒன்றை அவர் மேசையில் தட்டிப் பார்த்தபோது குழல் ஒடிந்து உள்ளே ஆணி தெரிந்தது. அதன் பின்னரே என்னைக் கைகளைக் கீழே விடச் சொன்னார்கள். கை இறங்கச் சிறிது நேரம் எடுத்தது.

அதன் பின்னர் கஜனி அவர்கள் லெஸ்லிக்குத் தொலைபேசி எடுத்து எல்லோரும் கேட்கும்படி பேசினார். நான் சொன்னதெல்லாம் உண்மை என்று லெஸ்லி உறுதிப்படுத்தினார். ஆனால் பொலிஸ் விசாரணையில் பெயர் பதிவான ஒருவர் அது முடியும்வரை சுடுதளத்தில் நிற்க முடியாது என்பது சங்கத்தின் விதி என்றும் சொன்னார். என் மனைவி கதிரையில் அமர்ந்து, மடியில் இருந்த மாவைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் எழுந்து, மாவைப் பிசைந்தவன், மை பூசியவன், பல்கனியில் நிற்கச் சொன்னவன் நானே என்று சொல்லி, பதிவில் என் பெயரை மட்டும் போடும்படி கேட்டேன். நான் குரலை உயர்த்தியதாக என் மனைவி பிறகு சொன்னார். எனக்கு நினைவில்லை.

கஜனி அவர்கள் சார்ஜன்டுடன் பேசிவிட்டு வந்து, "அங்கிள், ஃபைல் உங்கட பேரிலதான். ஆரிலையும் சார்ஜ் இல்லை, வோர்னிங் மட்டும். அன்ரி வெறும் சாட்சி. அவ சனிக்கிழமை போகலாம்" என்றார். லெஸ்லி தொலைபேசியில், "அன்ரி, அந்த ஆறாவதைக் கட்டாயம் கொண்டு வாங்கோ. சின்னத் துவக்கின்ர பிடியில மரப்பசை அப்பி அதே மாதிரிச் செய்து தாறன்" என்றார்.

ஆனால் முறைப்பாடு வந்ததால் ஆறு பொருட்களையும் எடுத்துச் செல்ல வேண்டும் என்றும், திரும்பக் கிடைக்க இரண்டு கிழமையாகும் என்றும் சார்ஜன்ட் சொன்னார். ஆறாவதைத் தாள் பையில் போட்டு ஒட்டினார்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முன் அதை மட்டும் திருப்பித் தர முடியாதா என்று கேட்டேன். முடியாது என்றார். அப்படியானால் பையைத் திறந்து ஓர் அரை மணித்தியாலம் அளவெடுக்க அனுமதி வேண்டும் என்று, காரணங்களை நிரைப்படுத்தி, ஒரு கடிதம் எழுதத் தொடங்கினேன். இரண்டாவது காரணத்தை எழுதும்போது என் மனைவி என் கையிலிருந்து பேனையை எடுத்தார்.

"அந்த மாவை அவையளே கொண்டு போகட்டும். என்ர கை என்னட்டைத்தானே இருக்கு" என்றார்.

அதன் பின்னர் அந்தக் கோரிக்கையை நான் கைவிட்டேன்.

இதை இரண்டு முறை வாசித்தேன். நேரங்களில் ஐந்து நிமிடம் முன்பின் இருக்கலாம். மற்றவை எனக்குத் தெரிந்தவரை நடந்தபடியே எழுதப்பட்டுள்ளன. ஒருவரும் என்னை வற்புறுத்தவில்லை.

(ஒப்பம்) ச. நீக்கிலாப்பிள்ளை
சாட்சி: (ஒப்பம்) யூஜினி நீக்கிலாப்பிள்ளை