கூட யார் வந்திருக்கிறார்கள்?

பிணி தீர்க்கும் பெரும்பணியைத் தம் பிறவிப் பேறாய் ஏற்று, இன்று மாலை இந்த அவையின் தலைமை இருக்கையை அணிசெய்யும் தலைமை மருத்துவர் அவர்களே. அனுபவத்தால் நரைத்து, அன்பினால் கனிந்து, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே. பெற்ற பிள்ளைக்காகவும் பிறர் பிள்ளைக்காகவும் இந்த நடைகூடங்களில் கால்கடுக்க நின்ற தாய்மார்களே. உட்கார நேரமின்றி ஓடிக்கொண்டே இருக்கும் செவிலியரே. சக்கர நாற்காலியில் அமர்ந்தும், கையில் ஊசிக்குழலோடு கதவோரம் நின்றும் கேட்கும் நோயாளி நண்பர்களே. நாற்காலி கிடைக்காமல் சுவரைத் தாங்கிக்கொண்டிருக்கும் சுற்றத்தாரே. அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

துணையில்லாத நோயாளிகளுக்குத் துணையிருக்கும் குழு ஒன்று இன்று இங்கே தொடங்குகிறது. அதைத் தொடங்கிவைக்க என்னை ஏன் அழைத்தார்கள்? நான் மருத்துவர் அல்லேன். செவிலியும் அல்லேன். இயற்பியல் ஆராய்ச்சி செய்பவள். தொண்டும் அறியேன், தோழமையும் அறியேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கேள்வி. அந்தக் கேள்வியின் முன்னால் வாயடைத்து நின்ற கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பயப்படாதீர்கள், சுருக்கமாகவே சொல்வேன். தலைவர் இப்போதே கடிகாரத்தைப் பார்க்கிறார்.

நிலத்துக்கடியில் நெடுந்தூரம் நீளும் ஒரு சுரங்கத்தில், ஈயத்தின் அணுக்கருக்களை ஒளியின் வேகத்தை நெருங்கும் வேகத்தில் எதிரெதிரே ஓடவிட்டு மோதவைக்கிறார்கள். மோதிய நொடியில் ஆயிரமாயிரம் துகள்கள் தெறிக்கும். அந்த மோதலை யாரும் கண்ணால் காண முடியாது. காணுமுன் முடிந்துவிடும். சிதறி வந்து கருவிகளில் விழுகின்ற துகள்களைக் கொண்டுதான், உள்ளே என்ன நடந்தது, இரண்டும் நெஞ்சோடு நெஞ்சு மோதினவா, தோளை உரசிக்கொண்டு போயினவா என்று கணிக்கிறோம். கருவியோ வெகு தொலைவில். நானோ என் அறையில், ஒரு கணினித் திரைக்கு முன்னால். காலையில் பூட்டைத் திறப்பவளும் நான். மாலையில் பூட்டுபவளும் நான். மணம் செய்துகொள்ளவில்லை. பெற்றோர் போய்ச் சேர்ந்தார்கள். தம்பி கடல் கடந்து போனான். வருடத்துக்கொருமுறை நலம் விசாரிப்பான். யார் மேலும் எனக்குக் குறையில்லை. தனிமையைச் சுதந்திரம் என்றே சொல்லிப் பழகியிருந்தேன்.

சென்ற ஆண்டு ஒரு பிற்பகல். மேல்வயிற்றில் ஒரு வலி. வலி என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன், அது போதாது. முன்னிருந்து முதுகுக்குள் ஆணியை இறக்கியது போன்ற வலி. வாந்தி. மேசையைப் பிடித்தபடி வாடகைக் காரை வரவழைத்தேன். ஏறும்போது ஓட்டுநர் கேட்டார், "கூட யாரும் வரலையா?" இல்லை என்றேன். அவசரப் பிரிவில் படுக்க வைத்தார்கள். செவிலி கேட்டார், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று. யாருமில்லை என்றேன். ஸ்கேன் எடுப்பவர் கேட்டார். இரத்தம் எடுக்க வந்தவர் கேட்டார். கட்டிலைத் தள்ளி வந்தவர்கூடக் கேட்டார். வலிக்கு ஊசி போட்டார்கள், வலி குறைந்தது. அந்தக் கேள்விக்கு எந்த ஊசியைப் போடுவது?

பித்தப்பையிலிருந்து நழுவிய சிறு கல் ஒன்று, குழாயின் முடிவில் வந்து அடைத்துக்கொண்டு, கணையத்தைப் புண்ணாக்கிவிட்டது என்றார்கள். உணவைச் செரிக்க வேண்டிய நீர், உறுப்பையே செரிக்கத் தொடங்கிவிடுமாம்.

அதே நாள், அதே நோயோடு பக்கத்துக் கட்டிலுக்கு ஓர் அம்மா வந்தார். தையற்கடை வைத்திருப்பவர். வார்டே அதிரக் கதறிக்கொண்டு வந்தார். கூட வந்தவர்கள் எத்தனை பேர் என்கிறீர்கள்? கணவர், மகள், மருமகன், நாத்தனார், கடையில் வேலை பார்க்கும் பெண்கள். இரத்தத்தில் பார்க்கும் கணைய நொதியின் அளவு என்னுடையதைவிட அவருக்குப் பல மடங்கு. ஆகவே அவருக்குத்தான் ஆபத்து என்று அவர் வீட்டார் அழுதார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்களைப் பார்த்தவர் ஓர் இளம் பெண் மருத்துவர். அவரிடம் கேட்டேன். எண்ணைப் பார்த்து முடிவுக்கு வருவதுதானே என் தொழில்? அவர் கட்டிலின் விளிம்பில் அமர்ந்து சொன்னார்: "அந்த நம்பர் நோய் இருக்கான்னு சொல்லும். எவ்வளவு மோசம்னு சொல்லாது. சத்தமும் சொல்லாது. மூச்சு, நாடி, சிறுநீர், இரத்தத்துல யூரியா, இதையெல்லாம் திரும்பத் திரும்பப் பார்க்கணும். ஏதாவது ஒரு உறுப்பு தடுமாறி, ரெண்டு நாளுக்குள்ள நிமிர்ந்துட்டா பயமில்ல. நிமிரலைன்னாதான் கடுமை."

உள்ளே நடப்பதை நேரே காண முடியாது, வெளியே வருவதைக் கொண்டே கணிக்க வேண்டும். என் வேலையும் அதுதானே என்று எண்ணிக்கொண்டேன். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. என் மோதலை எழுந்து தேநீர் குடித்துவிட்டு வந்தும் ஆராயலாம். அவருடைய நோயாளியை யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மறுநாள் தையற்கார அம்மாவுக்கு வலி இறங்கியது; வாய் ஏறியது. சிரிக்கிறீர்கள். பக்கத்துக் கட்டிலில் படுத்துப் பாருங்கள், தெரியும். என்னை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார். நான் டீச்சர் இல்லை என்றேன், ஆராய்ச்சி என்றேன். என்ன ஆராய்ச்சி என்று விடவில்லை. மோதலைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "ரெண்டு வண்டி மோதிச்சுன்னா போலீஸ் வரும். உங்க மோதலுக்கு யாரு வருவா டீச்சர்?" என்றார். நான்தான் வருவேன் என்றேன். அவருக்குச் சிரிப்பு, சிரித்தால் வயிறு வலித்தது, வலித்ததற்கும் சிரித்தார்.

சிதறும் துகள்கள் ஆவியைப் போலத் தனித்தனியே கலைந்துபோகும் என்று ஒரு காலத்தில் பலர் நினைத்ததையும், ஆனால் அவை ஒரு துளித் திரவம் போலச் சேர்ந்தே பாய்கின்றன என்பது தெரியவந்ததையும் சொன்னேன். "பஸ் நின்னதும் எல்லாரும் ஒரே பக்கமா இறங்குற மாதிரியா?" என்று கேட்டார். ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் அதற்குமேல் எனக்குப் பொறுமை இல்லை. செவிலியைக் கூப்பிட்டு, வேறு அமைதியான இடத்துக்கு மாற்ற முடியுமா என்று மெல்லக் கேட்டேன். வேறு கட்டில் காலியில்லை என்றார்.

காலியில்லை. அதனால்தான் இன்று உங்கள் முன் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன்.

அன்று மாலை அவர் ஏதோ கேட்டிருக்கிறார். நான் பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டிருக்கிறார். எப்போதும் அவர் பேச்சைப் பாதியில் இடைமறித்துத் திருத்துகிற நான், அப்போது திருத்தவில்லை. எட்டிப் பார்த்திருக்கிறார். கண் திறந்திருக்கிறது, மூச்சு நாயிளைப்பதுபோல் இளைக்கிறது. "சிஸ்டர், டீச்சர் பேசலை. வந்து பாருங்க" என்று அவர் கூப்பிட்ட குரல் கீழ்த்தளம் வரை கேட்டதாம். எந்தக் குரல் எனக்கு இம்சையாக இருந்ததோ, அந்தக் குரல்தான் அன்று செவிலியரை ஓட வைத்தது.

நுரையீரலில் நீர். சிறுநீரகம் சோர்ந்துவிட்டது. காய்ச்சல், கண்ணில் மஞ்சள். கல் இன்னும் குழாயை அடைத்துக்கொண்டிருந்தது, அங்கே சீழ் பிடித்திருந்தது. வாய் வழியே குழாய் செலுத்திக் கல்லை உடனே எடுக்க வேண்டும் என்றார் மருத்துவர். நான் உளறிக்கொண்டிருந்தேன். அவசரத்துக்கு மருத்துவர்களே முடிவெடுக்கலாம், அதற்கு இடமுண்டு. எடுத்தார்கள். ஆனால் அவையோரே, போகிற கட்டிலோடு நடந்துபோக ஒரு மனிதர் வேண்டாமா? கதவு மூடும்வரை பார்க்க இரண்டு கண்கள் வேண்டாமா?

கட்டிலைத் தள்ள வந்தவர் வழக்கம்போல் கேட்டிருக்கிறார், இந்த அம்மாவோடு யார் வந்திருக்கிறார்கள் என்று. தையற்கார அம்மா தம் கட்டிலைவிட்டு இறங்கினார். "நான் வர்றேன். எங்க அக்காதான்" என்றார். பொய் என்று செவிலிக்குத் தெரியும், கணவர் திட்டினார், மருமகன் தடுத்தார். ட்ரிப்ஸ் கம்பத்தை உருட்டிக்கொண்டு, ஒரு கையால் என் பாதத்தைப் பிடித்தபடி, அந்த நீண்ட நடைகூடம் முழுவதும் நடந்தே வந்தார். இதையெல்லாம் பிறர் சொல்லித்தான் அறிந்தேன். எனக்கே நினைவிருப்பது ஒன்றுதான். கதவருகில் அவர் குனிந்து சொன்னது. "டீச்சர், நான் வெளியதான் நிக்கிறேன். எங்கயும் போகமாட்டேன்."

கல்லை எடுத்தார்கள். பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவு. இரண்டு நாளில் நிமிர வேண்டிய உறுப்புகள் மூன்றாம் நாளும் நிமிரவில்லை. கடுமை என்ற சொல்லை என் காதுபடவே சொன்னார்கள். முகமூடி வழியே காற்றைத் திணித்தார்கள். பகலும் இரவும் ஒரே வெளிச்சம், கருவிகளின் ஓசை. பார்வையாளர் நேரத்தில் மற்றக் கட்டில்களின் திரைகள் விலகும். என் திரை விலகாது. கோடிக்கணக்கான துகள்கள் கூடிப் பாய்வதைக் கணக்கிட்டவள், ஒரே ஒரு காலடியோசைக்காகக் காது கொடுத்துக் கிடந்தேன்.

பிழைத்தேன். மெல்ல மெல்ல, மில்லிலிட்டர் மில்லிலிட்டராகச் சிறுநீரகம் திரும்பியது. பல நாள் கழித்து என்னைப் பழைய வார்டுக்கே கொண்டுவந்தார்கள். பக்கத்துக் கட்டில் வெறுமையாக இருந்தது. புதிய விரிப்பு, மடிப்புக் கலையாத போர்வை. அவருக்கு நோய் லேசானது என்பதால் அந்தத் தடவை படுத்திருந்தபோதே பித்தப்பையை எடுத்து, நலமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். கத்தி அழுதவர் முதலில் வீடு போனார். சத்தமில்லாமல் கிடந்தவள், கணையத்தின் புண் ஆறும்வரை பல வாரம் காத்திருந்து, அதன்பிறகே அறுவைக்கு வரவேண்டும் என்றார்கள்.

நான் கேட்ட அமைதி கிடைத்துவிட்டது. அந்த அமைதியில் ஒரு பகல்கூட என்னால் இருக்க முடியவில்லை.

வீடு திரும்பினேன். என் உடம்பில் பாதி கரைந்திருந்தது. உடைகள் எல்லாம் தோளில் நிற்காமல் நழுவின. அவர் கடையை விசாரித்துக்கொண்டு போனேன். தையல் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. என்ன தைக்கணும் என்று கேட்டார். நான் பேசியதும் நிமிர்ந்தார். "டீச்சர், பாதி ஆளைக் காணோமே" என்றார். அளவு நாடாவை எடுத்து என் தோளைச் சுற்றி, முதுகைச் சுற்றி, கையைச் சுற்றி அளந்தார். கையுறை போடாத ஒரு கை என்னைத் தொட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அழுகையை அடக்கத் தெரியாமல், அளவு சரியா என்று பார்ப்பவள்போல் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என் அறுவை நாளைச் சொன்னேன். வருவதாகச் சொன்னார். வர முடியவில்லை. பள்ளி திறக்கும் நேரம், சீருடைத் துணி மலைபோல் குவிந்திருந்தது; முந்திய நாளே தொலைபேசியில் அழைத்து, வருந்தி வருந்திச் சொன்னார். அவரைக் குறை சொல்வீர்களா? நான் சொல்ல மாட்டேன். அவர் எனக்கு யார்? பக்கத்துக் கட்டில். அவ்வளவுதானே. இன்றைய கூட்டத்துக்கும் வரவில்லை; கடையில் வேலை தலைக்கு மேல்.

மறுபடியும் தனியே வந்தேன். மறுபடியும் அதே கேள்வி. ஆனால் இம்முறை நடைகூடத்தின் விளக்குகளைப் பார்த்தபடி கட்டிலில் போகும்போது ஒன்று தெளிந்தது. பக்கத்துக் கட்டிலில் நல்ல மனுஷி வாய்ப்பது அதிர்ஷ்டம். ஒரு மனிதர் தனியே சாவதும், துணையோடு பிழைப்பதும் அதிர்ஷ்டத்தின் கையிலா இருக்க வேண்டும்? மருந்து முறையாகக் கிடைக்கிறது; மருத்துவர் முறைப்படி வருகிறார்; துணை மட்டும் ஏன் தற்செயலாக வரவேண்டும்? வலியை அளக்க வழி கண்டோம். வீக்கத்தை அளக்க வழி கண்டோம். உறுப்பு தளர்வதை அளக்க வழி கண்டோம். ஒருவர் வாசலையே பார்த்துக் கிடப்பதை எந்தச் சோதனையில் அளந்தோம்?

அறுவை முடிந்து கண்விழித்ததும் தலைமை மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். வந்தார். சொன்னேன். அவர் மறுக்கவில்லை. அதன் பயன்தான் இந்தக் குழு.

இதில் சேர என்ன தகுதி வேண்டும்? மருத்துவம் தெரிய வேண்டாம். ஆறுதல் சொல்லத் தெரிய வேண்டாம், எனக்கும் தெரியாது. அறிவுரை வேண்டவே வேண்டாம். உட்காரத் தெரிந்தால் போதும். பக்கத்தில் உட்காருங்கள். தண்ணீர் கேட்டால் செவிலியிடம் கேட்டுக் கொடுங்கள். பேசினால் கேளுங்கள். பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தினால் எழுந்து போய் யாரையாவது கூப்பிடுங்கள். கட்டில் நகர்ந்தால் கூடவே நடங்கள். இதற்குமேல் எதுவும் இல்லை. இதற்குக் குறைவாகவும் எதுவும் போதாது.

என் தனிமை தீர்ந்துவிட்டதா என்று நீங்கள் கேட்கலாம். தீரவில்லை. வீட்டுக் கதவை இன்றும் நானே திறக்கிறேன், நானே பூட்டுகிறேன். மேடையேறிப் பொய் சொல்ல எனக்கு வராது.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். கிடைத்தது ஐயா, முடிக்கிறேன். சீட்டு வராவிட்டாலும் முடித்துத்தான் ஆகவேண்டும். சலவைக்கூடம் ஒன்றில் இஸ்திரி போடும் பெண்ணொருத்தி, மேலே மூன்றாம் மாடி வார்டில் படுத்திருக்கிறாள். எனக்கு வந்த அதே நோய். கடுமையா இல்லையா என்பது நாளைக்குத்தான் தெரியும். அவளோடு யாரும் வரவில்லை. நேற்று நான் பக்கத்தில் அமர்ந்திருந்த நேரமெல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பியே படுத்திருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பிடிக்கவில்லை போலும் என்று எழுந்தேன். கதவருகே போனபோது, திரும்பாமலே கேட்டாள்: "நாளைக்கும் வருவீங்களா?"

வருவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

என்னை இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட பெரியோர்களுக்கும், கலங்கிய கண்களை முந்தானையில் மறைத்துக்கொள்ளும் தாய்மார்களுக்கும், கதவோரம் நின்றே கேட்ட நோயாளி நண்பர்களுக்கும், என்னைக் காத்த செவிலியருக்கும் மருத்துவருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. மாலை போட எழுந்தவர்கள் மன்னித்துக்கொள்ள வேண்டும், இருந்து வாங்கிக்கொள்ள நேரமில்லை. எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவர் எனக்காகக் காத்திருக்கிறார். நான் மேலே போகவேண்டும். வணக்கம்.